பதக்கத்துக்குப் பிறகு வந்த காலணி

கொல்கத்தா: ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2018 ஆகஸ்ட் 29ஆம் தேதி நிறைவடைந்த மகளிர் ஹெப்டாத்லானில் 6,026 புள்ளிகள் பெற்று மேற்கு வங்க வீராங்கனை ஸ்வப்னா பர்மன் தங்கம் வென்றார். இப்பிரிவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். பல்வலிக்காகக் கன்னத்தில் ஒட்டுப்பட்டையுடன் அவர் களத்தில் நின்ற படம் நாடெங்கும் நாளேடுகளில் வெளியானது. அதற்கடுத்த சில நாள்களில்தான் அவருடைய பாதங்களைப் பற்றிய செய்தியும் பரவலாகப் பேசப்பட்டது.

ஸ்வப்னாவுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். பாதத்தின் முன்பகுதி அகலமானது. கடையில் கிடைக்கும் முள் காலணிகள் ஐந்து விரல் பாதத்துக்கென அமைந்தவை. அவற்றுக்குள் ஆறு விரல்களைத் திணித்துக்கொண்டு தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், 800 மீட்டர் ஓட்டம் என்று இரண்டு நாளில் ஏழு போட்டிகளில் ஈடுபடுவது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜல்பைகுரி அருகே ரிக்ஷா இழுத்துப் பிழைத்த தந்தை, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்த தாய் ஆகியோரின் மகள் அவர். தனக்கென்று காலணி செய்துதரும்படி யாரிடம் கேட்க முடியும்? அந்த வலியைப் பொறுத்துக்கொண்டே அவர் பயிற்சி செய்தார்.

தங்கம் வென்ற பிறகு நிலைமை மாறியது. இந்திய விளையாட்டு ஆணையம் அடிடாஸ் நிறுவனத்துடன் பேசியது. ஜெர்மனியின் ஹெர்ட்ஸோகனவுராக் நகரிலுள்ள அந்நிறுவனக் கூடத்தில் அவருடைய பாதங்கள் அளவெடுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் அவருக்கெனத் தனிக் காலணிகள் வந்து சேர்ந்தன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வலி முதலில் வந்தது, பதக்கம் பிறகு வந்தது, காலணி அதற்கும் பிறகே வந்தது. பதக்கம் கிடைக்காமல் போயிருந்தால் காலணியும் வந்திராது.

ஓடும் இளைஞர்களின் கால்வலி இந்நாட்டில் எப்படிக் கவனிக்கப்படுகிறது என்பதற்கு இந்த வரிசையே ஓர் எடுத்துக்காட்டு. ஸ்வப்னாவின் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. விரல்களை எண்ணினால் போதும். கண்ணுக்குத் தெரியாத வலியோடு ஓடுபவர்களின் நிலை என்ன?

ஒரே வலி, பல காரணங்கள்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலில், ஓடும்போது தோன்றும் வலி தடகள வீரர்களிடமும் கால்பந்து வீரர்களிடமும் ராணுவப் பயிற்சி பெறுவோரிடமும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. சாதாரணமானது என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. "ஓடினால் வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலைக் கேட்காத வீரர் இந்தியாவில் இருக்க முடியாது. ஐஸ் வைப்பது, குளிரூட்டும் ஸ்பிரே அடிப்பது, துணிக்கட்டுப் போடுவது, வலி மாத்திரை விழுங்குவது ஆகியவையே நடைமுறையில் உள்ள வைத்தியம்.

மருத்துவ நூல்கள் கூறுவது வேறு. ஒரே இடத்தில் தோன்றும் இவ்வலிக்குக் குறைந்தது ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது. சில வேளைகளில் தீங்காகவும் முடியும்.

மிகப் பரவலானது ஷின் ஸ்பிளின்ட் என்று வீரர்கள் அழைக்கும் நிலை. கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பில், கீழ்ப்பாதியில், ஒரு சாண் அளவுக்குக்கூடப் பரவி வலிக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் வலித்து, உடல் சூடேறியதும் குறைந்து, ஓய்ந்தபின் மீண்டும் தலைகாட்டும். எலும்பும் அதன் மேலுறையும் தாங்கமுடியாத சுமையைப் பெற்றிருக்கின்றன என்பதே இதன் பொருள். பயிற்சியின் அளவைக் குறைத்து, சைக்கிள் மிதித்தல், நீரில் ஓடுதல் போன்றவற்றால் உடல்தகுதியைக் காத்துக்கொண்டு, வலியில்லாத அளவில் படிப்படியாக ஓட்டத்துக்குத் திரும்பினால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடும். ஐஸ், மசாஜ், விலை உயர்ந்த காலணித் தகடு ஆகியவற்றில் எதுவும் இந்த ஓய்வைவிடப் பெரிதாகப் பயனளித்ததாக ஆய்வுகள் நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், சிலருக்கு எலும்பில் நுண்முறிவு ஏற்பட்டிருப்பது பின்னர் தெரியவரும். அப்போது வலி பரவலாக இராது. விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் குவியும். நடக்கும்போதும், பிறகு படுத்திருக்கும்போதும் வலிக்கும். வலி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியுள்ளதா, ஒரு புள்ளியில் நிற்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதே மருத்துவர் செய்யும் முதல் சோதனை. செலவு எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

இங்கேதான் எக்ஸ்ரே ஏமாற்றிவிடுகிறது. நுண்முறிவு ஏற்பட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்று கூறி வீரரை மீண்டும் களத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். உண்மையை முன்கூட்டியே காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. சோதனைதான். பெருநகரத் தனியார் மையங்களில் அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாவட்ட விடுதியில் தங்கிப் பயிலும் பெண்ணுக்கு அது எட்டாத தொகை.

எலும்பு ஏன் முறிகிறது?

மோதலோ வீழ்ச்சியோ இல்லாமல் எலும்பு முறிவது வியப்பாகத் தோன்றலாம். 1855ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்துச் சென்ற சிப்பாய்களின் பாதங்களில் இவ்வலியையும் வீக்கத்தையும் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு அது. அவர் கண்டது நுண்முறிவுதான் என்பது எக்ஸ்ரே வந்த பின்னரே தெளிவாயிற்று.

எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் அது தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். ஆனால் அந்த வேலை சாலைப் பராமரிப்பைப் போன்றது. முதலில் பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிறகுதான் புதியதைப் போடும். தோண்டிய பிறகும் புதிய எலும்பு இறுகுவதற்கு முன்பும் உள்ள சில வாரங்களில் எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கும். கோடை முழுவதும் வீட்டில் இருந்துவிட்டு, பயிற்சி முகாம் தொடங்கியதும் முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் ஓடும் சிறுவர்களுக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில் வலி தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலான நுண்முறிவுகள் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் கூடிவிடும். ஆனால் கணைக்கால் எலும்பின் முன்புறத்தில், தாண்டும் போட்டிகளில் ஈடுபடுவோருக்கு வரும் முறிவு பொல்லாதது. எக்ஸ்ரேயில் அது ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். மருத்துவர்கள் அஞ்சும் கோடு அது. கூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு எலும்பினுள் உலோகத் தண்டு பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படும். பொருட்படுத்தாமல் தாண்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கால் முழுவதுமாக முறிந்துவிடவும் கூடும்.

மேசையில் காணாத வலி

இன்னொரு வகை உண்டு. ஓட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் வலி வரும். ஆடுசதை இறுகிக் கல் போலாகும். பாதம் மரத்துப்போகும். ஓட்டத்தை நிறுத்தினால் கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல் மறைந்துவிடும். மருத்துவரிடம் போய் மேசையில் படுத்தால் எந்தக் குறையும் தெரியாது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டும் இயல்பாகவே இருக்கும். இதனால் இவர்கள் நடிக்கிறார்கள், பயிற்சிக்கு அஞ்சுகிறார்கள் என்ற பழிக்கு ஆளாகின்றனர்.

உண்மையில் நடப்பது இதுதான். கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அறையும் எளிதில் விரியாத தசையுறையால் சூழப்பட்டுள்ளது. ஓடும்போது தசை உப்பும். உறை விரிந்து கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறையும். இதை உறுதி செய்ய, நோயாளியை வலி வரும்வரை ஓடவிட்டு, மெல்லிய ஊசியால் தசையறையின் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஓய்வில் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு, ஓடி நிறுத்திய ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20 ஆகியவை பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகள். அவற்றை எட்டினால் நோய் உறுதி. உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சை பலருக்கு நிவாரணம் தருகிறது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ராணுவ ஆய்வில், குதிகாலை முதலில் ஊன்றாமல் முன்பாதத்தை ஊன்றி ஓடக் கற்றுக்கொண்ட நோயாளிகள் ஓராண்டு வரை அறுவை சிகிச்சையைத் தவிர்த்தனர். 10 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முழங்காலின் பின்புறம் செல்லும் தமனியைத் தசை நெருக்குவதாலும் இதே போன்ற வலி வரலாம். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும்போது கணுக்காலருகே நாடித்துடிப்பு மறைகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. இக்கோளாறை 1879இல் முதன்முதலாக விவரித்தவர் எடின்பரோவில் பயின்ற ஒரு மருத்துவ மாணவர். இவை தவிர நரம்பு நெருக்கம், குதிகால் தசைநாண் பாதிப்பு, முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் வலி ஆகியவையும் உண்டு. வளரும் வயதினருக்கு முழங்கால் அருகே விடாத வலி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, குறையாத வீக்கம் ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாக எலும்புப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்குகிறது. அதை விளையாட்டுக் காயம் என்று கருதி மசாஜ் செய்துகொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

தட்டில் தொடங்கும் முறிவு

மருத்துவர் காலை மட்டும் பார்த்தால் போதாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சிலவும் உண்டு. என்ன சாப்பிடுகிறாய்? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இக்கேள்விகளை நம் பயிற்சிக் களங்களில் கேட்பவர் மிகக் குறைவு. பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கேட்கக் கூச்சம், சொல்லவும் கூச்சம்.

செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு கிடைக்காத உடல், அவசரமில்லாத வேலைகளை நிறுத்திவைக்கும். மாதவிலக்கு நிற்பதும் எலும்பு மெலிவதும் அதன் விளைவுகள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை ஒரு தனி உடல்நலச் சிக்கலாக வரையறுத்தது; ஆண்களுக்கும் இது நேரக்கூடும் என்றது. மாதவிலக்கு நின்றால் பயிற்சி கடுமையாக நடக்கிறது என்று பெருமைப்படும் மனப்பான்மை உலகெங்கும் இருந்தது. இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

மேலைநாட்டு மருத்துவர்கள் இதை எழுதும்போது, எடை குறைக்க வேண்டி வேண்டுமென்றே பட்டினி கிடக்கும் வீராங்கனைகளை மனத்தில் கொண்டு எழுதுகின்றனர். புருலியாவிலிருந்தோ ஜல்பைகுரியிலிருந்தோ வரும் பெண்ணின் நிலை அதுவன்று. அவள் வீட்டில் இருந்ததே சோறும் கிழங்கும்தான். விடுதியில் இடம் கிடைத்தால் முட்டையும் மீனும் கிடைக்கும். விடுமுறைக்கு வீடு திரும்பினால் மீண்டும் பழைய உணவு, ஆனால் ஓட்டம் நிற்பதில்லை. அமெரிக்கக் கடற்படையில் 5,201 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடம் நுண்முறிவு 20 சதவீதம் குறைவாக இருந்தது. இவை விலை மலிந்த மாத்திரைகள். வெயில் கொளுத்தும் நம் நாட்டிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ள நிலையில், இது எளிதில் ஒதுக்கக்கூடிய செய்தி அன்று.

ஊசியின் விலை

வலியோடு போட்டிக்குப் போகும் வீரருக்கு மற்றொரு கண்ணியும் காத்திருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை கிடைப்பது ஒரு போட்டியில் பெறும் இடத்தைப் பொறுத்தது. அந்த நாளில் ஓடியே ஆக வேண்டும். அருகிலுள்ள மருத்துவர் ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார். வலி மறைகிறது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 ஜனவரி 1 முதல், குளுகோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டுகளை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை செய்துள்ளது. மூட்டிலோ தசைநாண் அருகிலோ போட்டாலும் தடைதான். டிரமடால் என்ற வலிநிவாரணி 2024 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் சேர்ந்தது. சிகிச்சைக்காக முன்கூட்டியே விலக்குக் கோர வழி உண்டு. அதற்கான படிவத்தை மாவட்ட வீரருக்கு யார் நிரப்பித் தருவார்? உடலில் இருந்த மருந்துக்கு வீரரே பொறுப்பு என்பது விதி; எழுதிக்கொடுத்த மருத்துவர் மீது பழி போட்டுத் தப்ப முடியாது. கால்வலிக்கு ஊசி போட்டவர் ஊக்கமருந்துக் குற்றவாளியாகத் திரும்பலாம். குதிகால் தசைநாணில் நேரடியாக ஸ்டீராய்டு போட்டால் அது அறுந்துபோகும் அபாயம் வேறு.

தடை செய்யப்படாத சாதாரண வலி மாத்திரைகளும் தீங்கற்றவை அல்ல. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில், உடலில் நீர் வற்றிய நிலையில், அவற்றை நாள்தோறும் விழுங்கி ஓடுவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி என்ற எச்சரிக்கையை அணைத்துவிடுவதால், நுண்முறிவு முழு முறிவாக மாறவும் வழி பிறக்கும்.

வெறுங்கால் நகரம்

காலைப் பற்றிப் பெருமை பேசக் கொல்கத்தாவுக்கு உரிமை உண்டு. 1911 ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, அதன் 11 வீரர்களில் 10 பேர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வெறுங்கால் வென்றது என்பது தேசிய இயக்கத்தின் கதைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றனர். 1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயம் என்ற நிலை வந்தது.

1948 அணியின் தலைவர் டி. ஆவ் ஒரு மருத்துவ மாணவர் என்பது பலருக்கு நினைவில் இராது. நாகா மலையிலிருந்து கொல்கத்தா வந்து, இன்று ஆர்.ஜி. கர் என்று அழைக்கப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர் அவர். லண்டனில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. பின்னர் மருத்துவராகி நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகப் பணியாற்றினார். விளையாட்டும் மருத்துவமும் ஒரே மனிதரில் சேர்ந்திருந்தன. அவர் வாழ்ந்த நகரில், அந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டிய ஏற்பாடு இன்றும் போதிய அளவில் இல்லை.

இங்கு வசதிகளே இல்லை என்று கூறுவதும் தவறு. சால்ட் லேக்கில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் கிழக்கு மண்டல மையம் இயங்குகிறது. பயிற்சியாளர் சுபாஷ் சர்க்காரிடம் ஸ்வப்னா பயின்றது அங்கேதான். முதுகிலும் கணுக்காலிலும் காயங்கள் இருந்தும் அவர் ஜகார்த்தாவில் களம் காண முடிந்ததற்கு அந்த மையம் ஒரு காரணம். எஸ்.எஸ்.கே.எம்., ஆர்.ஜி. கர் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளும் உள்ளன. ஆனால் விபத்தில் எலும்பு நொறுங்கி வந்தவர்கள் நிறைந்திருக்கும் எலும்பு மருத்துவப் பிரிவில், நடந்தே வரும் ஒரு சிறுமியின் கணைக்கால் வலிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? ஜல்பைகுரியிலிருந்து கொல்கத்தா 550 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இரவு ரயிலில் வந்து வரிசையில் நின்று, "ஓய்வெடு" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவதற்காக யாரும் புறப்படுவதில்லை.

அவையில் எழாத கேள்வி

மேற்கு வங்கம் விளையாட்டு வீரர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்புவதில் தாராளமானது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற ஜோதிர்மயி சிக்தர், 2004இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் கிருஷ்ணாநகரிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். கால்பந்து வீரர் பிரசூன் பானர்ஜி 2013 முதல் ஹௌரா தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். 2024 தேர்தலில் கிரிக்கெட் வீரர்கள் கீர்த்தி ஆசாதும் யூசுப் பதானும் அதே திரிணமூல் காங்கிரஸ் சார்பில் வங்கத்திலிருந்து வென்றனர்.

மாநிலங்களவையில் 2022 ஜூலை முதல் நியமன உறுப்பினராக இருப்பவர் பி.டி. உஷா. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகவும் ஆனவர். 1984 லாஸ் ஏஞ்சலீஸில் விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தது மட்டுமே அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. 1988 சியோலில் குதிகால் காயத்துடன் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இறங்கி முதல் சுற்றிலேயே வெளியேறியதும், அதற்காக அவர் சந்தித்த கடும் விமர்சனங்களும் மறந்துபோய்விட்டன. கால்வலியின் விலையை அவையில் அவரைவிட நன்கறிந்தவர் இருக்க முடியாது. இது நம் நாட்டின் குறை மட்டும் அன்று என்பதும் உண்மை. 2008 பெய்ஜிங்கில் சீனத் தடை ஓட்ட வீரர் லியு ஷியாங், குதிகால் தசைநாண் வலியால் முதல் சுற்றில் ஓடாமலே வெளியேறியபோது ஒரு நாடே கண்ணீர் விட்டது.

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளிக்கிடையே விவாதம் முழுமையாக நடைபெறவில்லை. சங்கத் தேர்தல், தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயம் ஆகியவையே அச்சட்டத்தின் மையம். பல்லாண்டு காலமாகத் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. வீரரின் எலும்பு அதன் எல்லைக்குள் வரவில்லை.

திட்டங்கள் இல்லாமலில்லை. ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டம் 2014இல் தொடங்கியது. அதில் இடம்பெற்றவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கைச்செலவுத் தொகையும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சிகிச்சையும் கிடைக்கின்றன. நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர் 2024 ஏப்ரலில் முழங்காலில் காயமுற்று பாரிஸ் வாய்ப்பை இழந்தபோது, தோஹாவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான இளையோருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் மதிப்பிலான உதவி, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டி தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் தொடங்கிய விளையாட்டுக் காய மையம் இன்றும் இயங்குகிறது. ஆனால் இவை அனைத்தும் தேர்வாகிவிட்டவர்களுக்கு அல்லது தில்லிக்கு வர முடிந்தவர்களுக்கு. கணைக்கால் வலி வருவதோ தேர்வுக்கு முந்தைய ஆண்டுகளில், 14 முதல் 18 வயதுக்குள். வலியால் தகுதிச் சுற்றில் தோற்பவர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அவர் காயத்தால் வெளியேறினார் என்பதே எங்கும் பதிவாவதில்லை. காப்பீடும் உதவாது. மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் பொதுவாகக் காப்பீடு கைகொடுக்கும். ஆறு வார ஓய்வுக்கு யாரும் படுக்கை தருவதில்லை.

அமைச்சகம் கூறக்கூடிய பதில் தெரிந்ததே. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33ஆவது இனத்தில் நாடகம், சினிமா, கேளிக்கை ஆகியவற்றோடு விளையாட்டும் இடம்பெற்றுள்ளது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அதே பட்டியலின் ஆறாவது இனம். விளையாட்டைப் பொதுப்பட்டியலுக்கு மாற்ற 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே போயிற்று. எனவே மாவட்ட வீராங்கனையின் கால், சட்டப்படி இரு வகையிலும் மாநில அரசின் பொறுப்பு. மாநிலங்களோ நிதியில்லை என்று மத்திய அரசைக் கைகாட்டுகின்றன. இவ்விஷயத்தில் எல்லா மாநிலங்களும், எல்லாக் கட்சிகளும் ஒன்றே.

2030 காமன்வெல்த் போட்டிகள் ஆமதாபாதில் நடைபெறும் என்பது 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. அதில் ஓடப்போகும் பெண்களில் பலர் இன்று ஏதோ ஒரு மாவட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பர். கேள்வி நேரத்தில் விளையாட்டுத் துறையின் முறை வரும்போது உறுப்பினர்கள் கேட்பது பெரும்பாலும் தம் தொகுதியில் விளையாட்டரங்கம் எப்போது கட்டப்படும் என்பதைத்தான். அதனுடன் இன்னொன்றையும் எழுத்துமூலம் கேட்கலாம். நாட்டிலுள்ள மாவட்ட விளையாட்டு விடுதிகளில் எத்தனையில் நிரந்தர இயன்முறை மருத்துவர் பணியில் உள்ளார். கடந்த மூன்று ஆண்டுகளில் காயத்தின் காரணமாகப் பயிற்சியை விட்டு விலகிய 18 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர். அவர்களில் எத்தனை பேருக்கு எம்.ஆர்.ஐ. சோதனை செய்யப்பட்டது, மாநில வாரியாக விவரம் தருக.